கண்மாய்க்கு யார் பொறுப்பு?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் வெள்ளாமை ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியது. சாப்டூர் மலைப்பகுதியில் பிறக்கும் குண்டாறு திருச்சுழி வழியாகக் கமுதி நோக்கிப் போகிறது. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் அந்த ஆற்றில் சில நாள் ஓடும் தண்ணீரைத் தேக்கிக்கொள்ளத்தான் கண்மாய்கள் வெட்டப்பட்டன. அவற்றைப் பராமரிக்க வேண்டியவர் யார் என்று கேட்கும்போதுதான் இந்தப் பகுதி சம்சாரிக்கு அரசாங்கத்தின் மேல் சலிப்பு தட்டுகிறது.

விதி தெளிவாகவே இருக்கிறது. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத் துறையைச் சேர்ந்தது, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. ஆனால் வரத்துக்கால்வாயை யாராவது உழுது சேர்த்துக்கொண்டால், அளந்து சொல்ல வேண்டியது வருவாய்த் துறை. உள்வாய் முழுக்க மண்டிய சீமைக்கருவேலத்தை வெட்டி ஏலம் விட இன்னொரு அனுமதி வேண்டும். வண்டல் அள்ள 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்றானது நல்ல மாற்றம். மற்றவை பழையபடியே நடக்கின்றன.

எனவே மனு. திங்கள்கிழமை காலை பஸ் ஏறி விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்துக்கு வருகிறார்கள். எழுதத் தெரியாதவர் வாசலில் மனு எழுதித் தருபவரிடம் காசு கொடுத்து எழுதி வாங்குகிறார். மனு கணினியில் பதிவாகி எண் கிடைக்கிறது. பிறகு அது துறைக்குப் போய், கோட்டத்துக்கும் வட்டத்துக்கும் இறங்கி, கடைசியில் முதன்முதலில் முறையிட்ட அதே கிராம நிர்வாக அலுவலரின் மேசைக்கே வந்து சேர்கிறது. எங்கள் எல்லைக்கு உட்பட்டதல்ல, நிதி வந்ததும் பரிசீலிக்கப்படும் என்பது போன்ற பதிலோடு மனு முடிக்கப்படுகிறது. மடை உடைந்தபடியே கிடக்க, கணக்கில் ஒரு குறை தீர்ந்துவிடுகிறது. நியாயமான கோபம் இங்கேதான் பிறக்கிறது.

ஊருக்குள்ளேயே கேட்கலாம் என்றால், கேட்க ஆள் வேண்டும். 2016 அக்டோபரில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தபின் 2019 டிசம்பர் வரை இங்கே ஊராட்சித் தேர்தலே நடக்கவில்லை. அப்போது தேர்வானவர்களின் காலமும் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. பொறுப்பு மறுபடி தனி அலுவலர்களிடம் போனது. பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 243இ பிரிவு சொல்கிறது. வாக்குக் கேட்டு வந்தவரை வாய்க்கால் மேட்டில் மறித்துக் கேட்கலாம். பல ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்க்கும் அலுவலரை அப்படிக் கேட்க முடியாது.

கடலுக்கு அப்பால் இலங்கையின் உலர்வலயத்திலும் குளங்களுக்கு இதே பங்கீடு உண்டு. 80 ஹெக்டேர் வரை பாசனம் தரும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின்கீழ், பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களத்தின்கீழ் வருகின்றன. ஆனால் ஒவ்வொரு போகத்துக்கும் முன் கமக்காரர்களும் அதிகாரிகளும் கூடி, மடை திறக்கும் நாளைச் சேர்ந்து முடிவுசெய்கிறார்கள். அப்படிக் கூடிப் பேசாமல் மேலிருந்து முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதையும் அங்கேயே பார்த்தோம். 2021இல் ரசாயன உர இறக்குமதிக்கு ஒரே உத்தரவில் தடை வந்தது. வயல்களில் விளைச்சல் சரிந்தது. டாலர் தட்டுப்பாடும் எரிபொருள் வரிசையும் சேர்ந்துகொள்ள, 2022 ஜூலை 9 அன்று மக்கள் கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தார்கள்.

இந்தக் கரிசல் காட்டுக்குத் தரப்பட்ட பெரிய வாக்குறுதி காவிரி–வைகை–குண்டாறு இணைப்பு. மாயனூர் கதவணையிலிருந்து 262 கிலோமீட்டர் கால்வாய். மதிப்பீடு 14,400 கோடி ரூபாய். அடிக்கல் 2021 பிப்ரவரி 21. வெள்ள உபரி நீரைக் குண்டாறு வரை கொண்டுவருவது இதன் நோக்கம். அந்தத் தண்ணீர் வந்தாலும் தூர்ந்த வரத்துக்கால்வாய் வழியே கண்மாய்க்குள் ஏறாது. ஆகவே ஊராட்சித் தேர்தலைக் காலத்தில் நடத்த வேண்டும். கரை, மடை, மரம், வண்டல் நான்கையும் ஒரே அலுவலகத்தின் பொறுப்பில் வைக்க வேண்டும். அடுத்த ஐப்பசிக்குள் அரசு இதையாவது செய்யட்டும்.