திரைக்குப் பின்னால் – 12: படத்தின் மேல் எழுத்து

ஓடும் படத்தின் மேல் சப்டைட்டில், ஒலியளவுப் பட்டை, ஒளிவழி எண் முதலியவற்றைக் காட்டும் பகுதிக்கு மேலடுக்கு என்று பெயர். சிங்கப்பூரின் வசந்தம் ஒளிவழியில் தமிழ் நாடகத்தின் அடியில் ஓடும் ஆங்கில வரிகள் பலருக்கும் பழக்கமானவை. அந்த இரண்டு வரிகளைச் சிக்கனமாகக் காட்டுவதில்தான் படம் ஓட்டும் மென்பொருளின் திறமை தெரியும்.

முழு உயர்தெளிவுத் திரையில் 1920 × 1080, அதாவது 2 மில்லியனுக்குச் சற்று மேல் புள்ளிகள் உண்டு. புள்ளிக்கு 4 பைட் வீதம் நொடிக்கு 50 படங்களையும் முழுதாகத் திருத்தி எழுதினால், எழுதுவதற்கே 415 மில்லியன் பைட் ஆகும். 1200 × 120 அளவுள்ள சப்டைட்டில் பட்டையோ திரையில் 7 விழுக்காடுதான். அதற்காகப் படம் முழுவதையும் தொடுவது வீண் வேலை.

எனவே முதல் விதி, படத்தில் கைவைக்கக் கூடாது. எழுத்து தனி நினைவகப் பரப்பில் இருக்கும். இரண்டையும் திரைக்கு அனுப்பும் கட்டத்தில் காட்சிச் சில்லே சேர்க்கும். சிங்கப்பூரின் கிரியேட்டிவ் டெக்னாலஜி 1992இல் வெளியிட்ட வீடியோ பிளாஸ்டர் அட்டையும் இவ்வழியில் இயங்கியது. அங்கே மேலே வந்தது படம்: கணினித் திரையில் குறித்த நிறம் தென்பட்ட இடத்தில் மட்டும் அது வீடியோவைக் காட்டியது.

இரண்டாவது விதி, மாறினால் மட்டுமே வரைய வேண்டும். ஒரு வரி 3 நொடி நின்றால் அது 150 படங்களுக்குப் பொருந்தும்; வரைவது ஒரே தடவை. ஒலியளவு ஒரு படி கூடினால் பட்டையில் நீண்ட துண்டை மட்டும் புதுப்பித்தால் போதும். ஒளி ஊடுருவும் ஓரங்களுக்கான நிறப் பெருக்கலையும் வரையும்போதே முடித்துவிட்டால், ஒவ்வொரு படத்திலும் அதைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை.

மூன்றாவது விதி, நிறங்களைச் சுருக்குவது. இதற்கு இலக்கமுறை ஒளிபரப்பே எடுத்துக்காட்டு. சிங்கப்பூர் 2019 ஜனவரியில் அலைமுறை ஒளிபரப்பை நிறுத்தி முழுவதும் டிவிபி-டி2 என்ற இலக்கமுறைத் தரத்துக்கு மாறியது. டிவிபி தரத்தின் சப்டைட்டில் முறை எழுத்தைப் படத்துண்டாக அனுப்புகிறது; புள்ளிக்கு 2, 4 அல்லது 8 பிட். 4 பிட்டில் 16 நிறங்கள் கிடைக்கும். மேற்சொன்ன பட்டை 5,76,000 பைட்டிலிருந்து 72,000 பைட்டாகக் குறைகிறது.

தமிழ் எழுத்தைத் தொலைக்காட்சிப் பெட்டியே வரையும்போது இன்னொரு கவனம் தேவை. ‘கொ’ என்பதில் கொம்பு முன்னும் கால் பின்னுமாகப் பிரிந்து நிற்கின்றன. அதனால் எழுத்துரு இயந்திரம் ஒவ்வொரு வரியையும் வரிசை மாற்றிக் கோக்க வேண்டியிருக்கிறது. கோத்த வரியைப் படமாகவே சேமித்துவைத்தால் அந்தக் கணக்கு மீண்டும் நடக்காது. எழுத்தைத் திரையின் அளவிலேயே வரைவதும் முக்கியம். சிறிதாக வரைந்து பெரிதாக்கினால் புள்ளியும் சுழியும் மங்கிவிடும். வாசகருக்கு அதுதான் இழப்பு.

(தொடரும்)