ஆலவாய்ப் பதிகங்களில் பண்ணும் உணர்வும்

மதுரையம்பதி இசையால் இறைவன் திருவிளையாடல் புரிந்த தலமாகும். பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்தின் 41ஆவது படலம் விறகு விற்ற படலம். அதில் சொக்கநாதப் பெருமான் விறகாளாக எழுந்தருளி, வடநாட்டு இசைவாணன் ஏமநாதன் தங்கியிருந்த இல்லத்தின் புறந்திண்ணையில் அமர்ந்து சாதாரிப் பண்ணைப் பாடியருளினார். அதனைக் கேட்ட ஏமநாதன் செருக்கடங்கி, இரவோடிரவாக ஊரை விட்டு அகன்றான். பாணபத்திரரின் துயரும் தீர்ந்தது.

கேட்பவர் மனத்தை மாற்றும் இவ்வாற்றல் இசைக்கு எவ்வாறு வாய்க்கிறது? பாடலின் சொல் பொருளை அறிவிக்கிறது. அப்பொருளை உணர்வாக மாற்றுவன பண்ணும், காலப் பிரமாணமும், குரலின் அசைவுமே ஆகும். திருஞானசம்பந்தப் பெருமான் மதுரையில் அருளிய பதிகங்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

திருவாலவாயைக் கண்டு, மங்கையர்க்கரசியாரையும் குலச்சிறையாரையும் சிறப்பித்துப் பாடிய பதிகம் புறநீர்மைப் பண்ணில் அமைந்தது. இது பகற்பண்களுள் ஒன்று. இன்று பூபாள இராகத்தில் பாடப்பெறுகிறது. ஐந்தே சுரங்களைக் கொண்ட இந்த இராகம் விடியற்பொழுதின் தெளிவைத் தருவது. நல்வரவிற்கு ஏற்ற பண் இதுவே.

அரசவையில் பிள்ளையாருக்குத் தீங்கு நேருமோ என்று பாண்டிமாதேவியார் கலங்கியபோது, அவருக்கு ஆறுதலாக எழுந்த பதிகம் கொல்லிப் பண்ணில் அமைந்தது. பாண்டியனின் வெப்புநோய் தணியப் பாடிய திருநீற்றுப் பதிகம் காந்தாரப் பண்ணுக்குரியது. இவ்விரண்டும் இன்று நவரோசு இராகத்தில் பாடப்பெறுகின்றன. இந்த இராகம் மேல்நிலைச் சட்சமத்தை எட்டாது. கீழ்ப் பஞ்சமத்திற்கும் நடுப் பஞ்சமத்திற்கும் இடையிலேயே உலவும். குரல் உச்சத்திற்கு ஏறாமையால் அதில் ஆரவாரம் இல்லை. தாய் குழந்தையை அணைத்துப் பேசும் இதம் உண்டு. அஞ்சிய உள்ளத்திற்கும் வெந்த உடலுக்கும் அவ்விதமே மருந்தாகும்.

இராகம் ஒன்றாயினும் உணர்வு முற்றிலும் ஒன்றன்று. தேவியாருக்கு உரைத்தது உரையாடல் போல் நீண்டு செல்லும். திருநீற்றுப் பதிகமோ ‘நீறு’ என்னும் சொல்லில் மீண்டும் மீண்டும் வந்து நின்று, நெற்றியில் திருநீறு இடும் கைபோல் ஒரே சீராக இயங்கும். சொல் நிற்கும் இடமும் நடையும் மாறவே பாடலின் உணர்வும் மாறுகிறது.

திருமடத்திற்குத் தீ வைக்கப்பட்டபோது பாடிய பதிகமும், வையையில் ஏடு எதிரேறத் திருவேடகத்தோடு தொடர்புற்று விளங்கும் பதிகமும் கௌசிகப் பண்ணில் அமைந்தவை. கௌசிகம் இன்றைய பைரவி. கமகம் மிகுந்த இந்த இராகத்தில் ஒரு சுரம் நிலையாக நில்லாது அடுத்த சுரத்தைத் தழுவி அசையும். உருக்கமும் உறுதியும் ஒருங்கே தோன்றுவதற்கு இவ்வசைவே காரணம்.

இவ்வசைவுகளை நம் முன்னோர் நுணுகி ஆராய்ந்து பெயரிட்டனர். எடுத்தல், படுத்தல், நலிதல், கம்பிதம், குடிலம், ஒலி, உருட்டு, தாக்கு என எட்டுக் கிரியைகளைச் சிலப்பதிகாரத்தின் பழைய உரை கூறுகிறது. பாடும் பொழுதும் கருதப்பட்டது. இரவுப் பண்ணாகிய மேகராகக்குறிஞ்சி இன்று தாலாட்டுக்குரிய நீலாம்பரியாக வழங்குகிறது. இறைவன் பள்ளியறைக்கு எழுந்தருளும் வேளைக்கு அம்மென்மை பொருந்தும்.

ஏட்டில் எழுதியதால் தேவாரச் சொற்கள் பிழைத்தன; பண்களோ மறைந்தன. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் திருஎருக்கத்தம்புலியூரில் வாழ்ந்த ஒரு பெண்மணியைக் கொண்டே அவை மீண்டும் வகுக்கப்பெற்றன என்பது திருமுறைகண்ட புராணம் கூறும் வரலாறு. சொல்லை ஏடு காக்கும். பண்ணைக் காப்பது பாடும் மிடறும் கேட்கும் செவியுமே.

ஆதலின், திருக்கோயிலில் ஓதுவார் பதிகம் பாடும்போது அன்பர்கள் விரைந்து கடந்து செல்லாது, ஒரு பாடல் முடியும் வரையேனும் நின்று கேட்டல் நலம். குரல் எங்கு உயர்கிறது, எங்கு தணிகிறது, எச்சொல்லில் நிற்கிறது என்று உற்றுக் கேட்பின், பொருள் முழுதும் விளங்காதவர்க்கும் அப்பாடலின் உணர்வு விளங்கும். அவ்வாறு கேட்டலும் ஆலவாய் அண்ணலுக்குச் செய்யும் வழிபாடே ஆகும்.