ஹெல்மெட்டுக்குள் ஒரு குரல்

எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிற பைக்கில், பின்னால் உட்கார்ந்திருப்பவர் "அடுத்த லெஃப்ட்ல திரும்புங்க" என்று சொன்னால், ஓட்டுகிறவர் காதில் அது வெறும் முனகலாகத்தான் விழும். ஒருவர் வாய்க்கும் மற்றவர் காதுக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. தோளைத் தட்டுவார், முன்னால் சாய்வார், இரண்டு ஹெல்மெட்டும் டொக்கென்று இடித்துக்கொள்ளும். "என்ன?" என்று ஓட்டுகிறவர் தலையைப் பாதி திருப்புவார். அந்த அரை நொடிக்குள் வண்டி 11 மீட்டர் ஓடியிருக்கும்.

ஹெல்மெட் இன்டர்காம் என்ற சின்னக் கருவி தீர்த்துவைக்கிற முதல் சிக்கல் இதுதான். ஒரு ஹெல்மெட்டுக்கு மூவாயிரம், நாலாயிரம் ரூபாயில் தொடங்கி முப்பதாயிரத்தைத் தாண்டுகிற வரைக்கும் இன்று கிடைக்கிறது. பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் இருப்பது "1000 மீட்டர்", "1200 மீட்டர்" என்கிற தூரக் கணக்கு. கையில் குறைந்த பணம் வைத்துக்கொண்டு தேடுகிறவர்கள் பெரும்பாலும் அந்த எண்ணைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். கடைசியாகப் பார்க்க வேண்டிய எண் அது என்பேன். பைக்கில் பேச்சைக் கெடுப்பது முதலில் காற்று. தூரம் அதற்குப் பிறகுதான்.

ஹெல்மெட்டுக்குள் கேட்கிற இரைச்சல் எஞ்சினிலிருந்தும் சைலன்சரிலிருந்தும் வருவதாகப் பலரும் நினைக்கிறார்கள். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது அது சரி. 65, 70-ஐத் தாண்டிவிட்டால் மற்ற எல்லாச் சத்தத்தையும் காற்று முழுங்கிவிடும். ஹெல்மெட்டின் வளைந்த ஓட்டைத் தழுவிக்கொண்டு வருகிற காற்று ஓரிடத்தில் அதைவிட்டுப் பிரிந்து சுழலத் தொடங்குகிறது. தாடைக்குக் கீழே, வைசர் மூடுகிற விளிம்பில், கழுத்துப் பக்கத்துத் திறப்பில் எல்லாம் இந்தச் சுழல்கள் அழுத்தத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். நம் காது அதைத்தான் இரைச்சலாகக் கேட்கிறது. மேல் ஸ்தாயிச் சத்தங்களை ஹெல்மெட்டின் ஓடும் நுரையும் ஓரளவு தடுத்துவிடும். கீழ் ஸ்தாயி உறுமல் கழுத்து வழியாக நேராக உள்ளே வந்துவிடும். எவ்வளவு விலை கொடுத்த ஹெல்மெட்டானாலும் இதிலிருந்து முழுதாகத் தப்ப முடியாது.

80 கி.மீ. வேகத்தில் காதருகே ஏறக்குறைய 90 டெசிபெல் இருக்கும். 110, 120 என்று போனால் 100 டெசிபெலைத் தொட்டுவிடும். டெசிபெல் கணக்கில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. அமெரிக்காவின் பணியிடச் சுகாதார நிறுவனமான நியோஷ் வகுத்த வரம்பின்படி, 85 டெசிபெல் இரைச்சலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைய வேண்டும். இந்தக் கணக்கில் 90 டெசிபெலுக்கு இரண்டரை மணி நேரம். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிறவருக்குப் பாதி வழி தாண்டியதும் அன்றைய பங்கு தீர்ந்துவிடும். 100 டெசிபெலானால் பதினைந்தே நிமிடம்.

இந்த இரைச்சலுக்கு மேலே எழும்பித்தான் இன்டர்காம் பேச வேண்டியிருக்கிறது. சத்தம் கூடினால் நாமறியாமலே குரலை உயர்த்துகிறோம். பிரெஞ்சு காது மருத்துவர் எத்தியென் லொம்பார்ட் 1911-இல் விவரித்த இயல்பு இது. இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. குரலைப் போலவே வால்யூமையும் ஏற்றுகிறோம். ஓடும்போது சரியாக இருந்த அளவு, டீக்கடையில் வண்டியை நிறுத்தியதும் காதைப் பிளக்கும். அவ்வளவு சத்தத்தைத்தான் இத்தனை நேரமும் காது வாங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே ஸ்பீக்கர் நன்றாக இருக்க வேண்டும் என்பதைவிட, காதுக்கு நேராக இருக்க வேண்டும் என்பது முக்கியம். விலை குறைந்த செட்டுகளிலும் இப்போது 40 மி.மீ. ஸ்பீக்கர் வருகிறது. அதே ஸ்பீக்கர் காதுத் துளையைவிட்டு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் போனால் பேச்சின் தெளிவு சட்டென்று விழுந்துவிடும். பொருத்தும்போது வெல்குரோவை உடனே அழுத்தி ஒட்டிவிடாதீர்கள். லேசாக ஒட்டி, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, பழகிய பாட்டு ஒன்றை ஓடவிடுங்கள். ஹெல்மெட்டைக் கையால் பிடித்துக் கொஞ்சம் முன்னே, பின்னே, மேலே, கீழே நகர்த்துங்கள். ஓரிடத்தில் தாளத்தின் உலோக ஒலி திடீரென்று பளிச்சென்று துலங்கும். ஸ்பீக்கர் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதை அது சொல்லிவிடும். குழி ஆழமாக இருந்தால் பின்னால் ஒரு நுரைத் துண்டை வைத்துக் காதுக்கு அருகில் கொண்டுவரலாம். இந்தப் பத்து நிமிட வேலை, கூடுதலாகப் பத்தாயிரம் செலவழித்தாலும் கிடைக்காத தெளிவைக் கொடுக்கும்.

நுரையாலான காதடைப்பான் மாட்டிக்கொண்டால் இன்டர்காம் இன்னும் தெளிவாகக் கேட்கும் என்பதைப் பலரால் நம்ப முடிவதில்லை. அது காற்றின் சத்தத்தையும் ஸ்பீக்கரின் குரலையும் சேர்த்தேதான் குறைக்கிறது. ஆனால் மிகையான சத்தத்தில் உள்காது திணறி ஒலிகளைத் தானே குழப்பிக்கொள்கிறது. மொத்த அளவு இறங்கியதும் அந்தத் திணறல் நீங்கி, சொற்கள் பிரிந்து கேட்கின்றன. இதற்கு ஆகிற செலவு சில பத்து ரூபாய்.

அடுத்தது மைக். இரைச்சல் நீக்கும் மைக் என்று சொல்லப்படுவதில் இருக்கிற அறிவு பெரும்பாலும் அதன் வடிவத்தில் இருக்கிறது. உள்ளே இருக்கிற மெல்லிய சவ்வின் முன்பக்கம் ஒரு திறப்பு, பின்பக்கம் ஒரு திறப்பு. தூரத்திலிருந்து வருகிற சத்தம் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே வலிமையில் தள்ளுவதால் சவ்வு அசைவதில்லை. உதட்டுக்கு மிக அருகில் இருக்கும்போது முன்திறப்புக்கும் பின்திறப்புக்கும் உள்ள அந்தச் சிறு இடைவெளியே பெரிய வேறுபாடாகிவிடுகிறது; உங்கள் குரல் மட்டும் சவ்வை ஆட்டுகிறது. மைக்கை ஐந்து சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் இந்த ஏற்பாடு முழுவதும் வீண். நுரை உதட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். எந்தப் பக்கம் உதட்டைப் பார்க்க வேண்டும் என்று பல மைக்குகளில் ஓர் அடையாளம் இருக்கும். திருப்பி வைத்துவிட்டு, கருவி மட்டமானது என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. முழு முகத்தையும் மூடுகிற ஹெல்மெட்டுக்குத் தாடைக்குப் பின்னால் ஒட்டுகிற பொத்தான் மைக், முகம் திறந்த ஹெல்மெட்டுக்கு வளைகிற தண்டு மைக். இரண்டும் சேர்ந்து வருகிற செட்டாகப் பார்த்து வாங்குவது நல்லது.

மீதி இரைச்சலை உள்ளிருக்கிற சில்லு கணக்குப் போட்டுக் கழிக்கிறது. காற்றின் ஒலி ஒரே மாதிரி நீடிக்கும், பேச்சு ஏறி இறங்கும் என்ற வேறுபாட்டை வைத்துத்தான் இந்தக் கழித்தல். மலிவான கருவிகள் உண்மையில் தடுமாறுகிற இடம் இது. அவசரப்பட்டுக் குரலையும் சேர்த்து வெட்டிவிடும். குரல் கேட்டால் தானே விழித்துக்கொள்கிற வசதி உள்ளவற்றில் முதல் அசை போய்விடும். வாங்குமுன் ஒருவர் பைக் ஓட்டியபடி பேசிப் பதிவு செய்த வீடியோவைத் தேடி, 80-க்கு மேல் அவர் குரல் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பெட்டியில் உள்ள எந்த எண்ணும் இதைச் சொல்லாது.

புளூடூத் 5.0, 5.3 என்ற எண்களும் அப்படித்தான். 2016-இல் வந்த ஐந்தாம் பதிப்பு கொண்டுவந்த தூர மேம்பாடு குறைந்த மின்சாரத்தில் இயங்குகிற கிளைக்கானது. இன்டர்காமில் பேச்சு பெரும்பாலும் பழைய கிளையின் வழியாகத்தான் போகிறது.

அந்தப் பழைய கிளையே வியக்கத்தக்க வேலை செய்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில், ஒவ்வொன்றும் 1 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 79 தடங்கள். ஒரு நொடிக்கு 1600 முறை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு இரு கருவிகளும் ஒரே கணத்தில் தாவுகின்றன. நீங்கள் "சரி" என்று சொல்லி முடிப்பதற்குள் சில நூறு தாவல்கள் நடந்து முடிந்திருக்கும். சிக்னலில் உங்கள் பக்கத்தில் இருபது பேர் ஆளுக்கொரு புளூடூத் கருவியோடு நின்றாலும் பேச்சு குழம்பாமல் இருப்பது இதனால்தான். இந்த அலைவரிசையைக் குறைந்த சக்தியில் பயன்படுத்த இந்தியாவில் தனி உரிமம் வேண்டாம் என்பது 2005 முதல் நடப்பில் இருக்கிறது.

சரி, அந்த 1000 மீட்டர்? 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். இரு முனைகளுக்கு இடையே அது நூல் பிடித்தாற்போல் போவதில்லை. நடுவில் பருத்த ஒரு வெளியை எடுத்துக்கொண்டு போகிறது. இதை வகுத்த பிரெஞ்சு இயற்பியலர் பெயரால் ஃபிரெனெல் மண்டலம் என்பார்கள். 1 கி.மீ. இடைவெளிக்கு அந்த வெளியின் நடுப்பகுதி ஆரம் 5.6 மீட்டர். அதில் 60 சதவீதமாவது தடையில்லாமல் இருந்தால்தான் இணைப்பு நன்றாக இருக்கும். பைக்கில் உட்கார்ந்திருப்பவரின் ஹெல்மெட் சாலையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. கணக்கைத் திருப்பிப் போட்டால், 200 மீட்டர் இடைவெளியிலேயே தார்ச்சாலை அந்த 60 சதவீதத்துக்குள் நுழைந்துவிடுகிறது. நடுவில் ஒரு லாரி வந்தால் கேட்கவே வேண்டாம். தலையும் உடம்பும்கூடத் தடைதான். தண்ணீர் நிறைந்த உடல் இந்த அலையை விழுங்கும். கருவியை ஹெல்மெட்டின் இடப்பக்கம் பொருத்தியிருந்தால் வலப்பக்கம் வருகிற நண்பரின் குரல் கரகரப்பது அதனால். 1000 மீட்டர் என்பது தடையில்லாத வெட்டவெளிக்கான எண். சாலையில் அதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தால் திருப்திப்படுங்கள்.

பின்னால் உட்கார்கிற மனைவியோடோ நண்பரோடோ பேசுவதற்குத் தூரமே தேவையில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் போகிற இரண்டு பைக்குகளுக்கு 200, 300 மீட்டர் தாராளம். இந்த இரண்டு தேவைக்கும் மலிவான செட் போதும் என்று தயங்காமல் சொல்வேன்.

நாலைந்து பைக்குகள் சேர்ந்து போகிறவர்களுக்குத்தான் விலை கூடிய கருவியில் பொருள் இருக்கிறது. சாதாரண புளூடூத் இன்டர்காம் சங்கிலியாக வேலை செய்கிறது: முதலாமவர் இரண்டாமவரோடும், இரண்டாமவர் மூன்றாமவரோடும் இணைந்திருப்பார். கட்டடம் கட்டுமிடத்தில் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றுகிற மாதிரி. நடுவில் ஒருவர் விலகினால் அதற்கப்பால் எதுவும் போகாது. நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும்போது 70 கொண்டை ஊசி வளைவுகள். நடுவில் வருகிறவர் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் சிக்கி ஒரு வளைவு பின்தங்கினால், குழுவின் பின்பாதி ஊமையாகிவிடும். மெஷ் என்கிற வலைப்பின்னல் முறையில் ஒவ்வொரு கருவியும் எட்டுகிற எல்லாக் கருவிகளோடும் தொடர்பு வைத்து, ஒரு வழி அறுந்தால் வேறு வழியைத் தானே கண்டுபிடிக்கும். கார்டோ 2015-இலும் சேனா 2018-இலும் இதைக் கொண்டுவந்தன. ஒன்றை நினைவில் வையுங்கள்: ஒரு நிறுவனத்தின் மெஷ் பொதுவாக இன்னொரு நிறுவனத்தின் மெஷ்ஷோடு பேசாது. நண்பர்கள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வாங்க வேண்டும். வேற்று நிறுவனக் கருவியோடு இணைக்கிற 'யுனிவர்சல்' வசதி, எதிராளியின் கருவியிடம் தன்னை ஒரு செல்போன் என்று காட்டிக்கொண்டு உள்ளே நுழைகிற உத்தி. இணைப்பு கிடைக்கும், ஆனால் போனுக்கான ஓர் இடம் போய்விடும்.

நனையாமல் காப்பதற்கு ஐ.பி.67 என்ற குறி இருந்தால் ஐப்பசி மழைக்குக் கவலையில்லை. ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அதன் பொருள். சார்ஜ் போடுகிற துளையின் ரப்பர் மூடி இறுக்கமாக மூட வேண்டும். பேட்டரியைக் கெடுப்பது மழையைவிட வெயில்: மே மாத மத்தியானத்தில் டேங்க்மேல் ஹெல்மெட்டை வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

இன்னொரு விஷயத்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஸ்பீக்கருக்கு இடம் போதவில்லை என்று ஹெல்மெட்டுக்குள் இருக்கிற வெள்ளை நுரையைக் கத்தியால் குடைகிறவர்களைப் பார்க்கிறேன். விழும்போது நசுங்கி, தலைக்கு வரும் அடியைத் தான் வாங்கிக்கொள்கிற பகுதியே அதுதான். ஐ.எஸ். 4151 தரச்சான்று அந்த நுரை முழுதாக இருக்கிற ஹெல்மெட்டுக்குத் தரப்பட்டது. ஓட்டில் துளையும் போடக் கூடாது. ஸ்பீக்கருக்கென்று குழி வைத்த ஹெல்மெட்டுகளை இப்போது இந்திய நிறுவனங்களும் நடுத்தர விலையில் தருகின்றன. குழி இல்லாத ஹெல்மெட் என்றால் இன்டர்காம் பணத்தை முதலில் ஹெல்மெட்டில் போடுங்கள்.

ஓட்டும்போது பேச்சு கவனத்தைச் சிதைக்காதா என்ற கேள்வி நியாயமானது. யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கார் ஓட்டுகிறவர்களை வைத்து 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதில் உதவும். செல்போனில் பேசியவர்கள் திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டது அதிகம். பக்கத்தில் உட்கார்ந்தவரோடு பேசியவர்கள் அவ்வளவு தவறவிடவில்லை. கூட வருகிறவரும் அதே சாலையைப் பார்க்கிறார், நெரிசல் வந்தால் பேச்சை நிறுத்துகிறார், அல்லது சாலையைப் பற்றியே பேசுகிறார். பின்சீட்டில் இருப்பவருக்கும் முன்னால் போகிற பைக்கிலுள்ள நண்பருக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். வீட்டிலிருந்து போனில் கூப்பிடுகிறவருக்குப் பொருந்தாது. போன் அழைப்பைத் தானாக எடுக்கிற வசதியை முதல் நாளே அணைத்துவிடுங்கள்.

வாங்குமுன் கடைசியாக ஒன்று விசாரிக்க வேண்டும்: மைக், ஸ்பீக்கர், ஹெல்மெட்டில் மாட்டுகிற கிளாம்ப் ஆகியவை தனியாகக் கிடைக்கின்றனவா? கீழே விழுந்து அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றியே ஆக வேண்டும். அடிபடாததையும் ஐந்து வருடத்தில் மாற்றச் சொல்கிறார்கள். கருவி அதைவிட அதிக நாள் உழைக்கலாம். ஒட்டிய வெல்குரோவும் மைக் ஒயரும் பழைய ஹெல்மெட்டிலிருந்து பிய்க்கும்போதே போய்விடும். இந்த உதிரிகளைச் சில நூறு ரூபாய்க்குத் தனியாகத் தருகிற நிறுவனத்தின் நாலாயிரம் ரூபாய்க் கருவி, அவற்றைத் தராத நிறுவனத்தின் மூவாயிரம் ரூபாய்க் கருவியைவிட மலிவு.