மூங்கில் வேலிக்குள்ளே ஒரு மாளிகை

ஜப்பானின் பழைய தலைநகரான கியோட்டோவுக்கு மேற்கே கத்ஸுரா என்று ஒரு நதி ஓடுகிறது. அதன் கரையில், மூங்கில் வேலிக்குள்ளே, ஓர் அரச மாளிகை இருக்கிறது. மாளிகை என்றதும் வாசகர்கள் மைசூர் அரண்மனையையோ தஞ்சாவூர் தர்பார் மண்டபத்தையோ மனத்தில் கொண்டுவிட வேண்டாம். இங்கே தங்கத் தகடு இல்லை. சலவைக் கல் இல்லை. தூணுக்குத் தூண் சிற்பமும் இல்லை. மரம், காகிதம், பாய், மூங்கில், மண் சுவர் ஆகிய இவ்வளவுதான் சாமான். வேலியில் ஒரு பகுதி வெட்டிக் கட்டிய மூங்கில்கூட அல்ல. உயிரோடு வளர்ந்து நிற்கும் மூங்கிலை வளைத்துப் பின்னி வேலியாக்கியிருக்கிறார்கள்!

1933-ம் வருஷம் மே மாதம் 4-ந் தேதி ஒரு ஜெர்மானியரை இந்த மாளிகைக்கு அழைத்து வந்தார்கள். அன்று அவருக்கு 53-வது வயது நிறைந்த பிறந்த நாள். முந்திய தினம்தான் அவர் ஜப்பானியக் கரையில் கால் வைத்திருந்தார். அவர் பெயர் புரூனோ டவுட். பெர்லின் நகரில் தொழிலாளர்களுக்காக 10,000-க்கு மேற்பட்ட வீடுகளை வகுத்துக் கொடுத்த கட்டிடக் கலைஞர். அவற்றில் குதிரை லாட வடிவத்தில் அமைந்த குடியிருப்பு இன்றும் உலகப் பிரசித்தம். ஆனால் அந்த வருஷம் ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டான். பொதுவுடைமைக்காரர், மாஸ்கோவில் வேலை பார்த்து வந்தவர் என்ற பெயர் டவுட்டுக்கு இருந்தது. கைது செய்யப் போகிறார்கள் என்று தகவல் கிடைத்ததும், மார்ச் மாதத்தில் ஊரை விட்டுப் புறப்பட்டவர் பிறகு ஜெர்மனிக்குத் திரும்பவே இல்லை. ஸ்விட்ஸர்லாந்து, பிரான்ஸ், கிரீஸ், துருக்கி என்று சுற்றி, ரஷ்யாவின் நெடுந்தூர ரயிலில் ஸைபீரியாவைக் கடந்து, விளாடிவஸ்டாக்கில் கப்பலேறி, த்ஸுருகா துறைமுகத்தில் வந்து இறங்கினார். கையில் இருந்ததெல்லாம் ஜப்பானிய சர்வதேசக் கட்டிடக் கலைச் சங்கத்தார் அனுப்பியிருந்த ஓர் அழைப்பு மட்டுமே.

அந்தச் சங்கத்தின் தலைவர் இஸாபுரோ உவேனோ என்பவர். வியன்னாவில் பயின்றவர், மனைவியும் வியன்னாக்காரி. விருந்தாளி வந்து இறங்கியதும், களைப்பாறட்டும் என்று விட்டுவிடாமல், மறுநாளே கத்ஸுராவுக்கு அழைத்துப் போனார். அந்நாளில் அது பொது ஜனங்கள் நினைத்தபோது நுழையக் கூடிய இடம் அல்ல. அரண்மனை இலாகாவின் அனுமதி வேண்டும். அவ்வளவு சிரமப்பட்டு முதல் நாளே அங்கே கூட்டிப் போவானேன்? அதற்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்லுமுன் மாளிகையை நாமும் ஒரு முறை சுற்றி வந்துவிடலாம்.

இளவரசரும் நிலாவும்

இதைக் கட்டத் தொடங்கியவர் தோஷிஹிதோ என்ற இளவரசர். 1579-ல் பிறந்தவர். அக்காலத்தில் ஜப்பானையே ஆட்டிப் படைத்த ஹிதேயோஷி, தமக்குப் பிள்ளையில்லை என்று இவரை ஸ்வீகாரம் எடுத்துக்கொண்டார். பிறகு சொந்தப் பிள்ளை பிறந்தது, ஸ்வீகாரம் ரத்தாயிற்று. நாட்டை ஆளும் யோகம் கைக்கெட்டி வாய்க்கெட்டாமல் போன இளவரசர், கவிதையிலும் பழைய இலக்கியங்களிலும் காலத்தைக் கழித்தார். நதிக்கரையில் மாளிகை எழுப்பினார். அவர் 1629-ல் காலமான பிறகு, அவர் புதல்வர் தோஷிதாதா மாளிகையை விரிவுபடுத்தி முடித்தார்.

மூன்று கட்டிடங்கள். ஒன்றுக்கு நேர் பின்னால் மற்றொன்று நிற்காமல், வானத்தில் காட்டு வாத்துக்கள் பறப்பதுபோல ஒன்றை விட்டு ஒன்று ஒதுங்கிச் சாய்வாக நிற்கின்றன. இதனால் எல்லா அறைக்கும் தோட்டம் தெரிகிறது. எல்லா அறைக்கும் காற்று வருகிறது. நதி பெருகி வெள்ளம் வரும் இடமாதலால் தரையைக் கால்கள் மேல் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். பழைய கட்டிடத்தின் முன்னால், குளத்தைப் பார்த்தாற்போல, மூங்கில் கழிகளைப் பரப்பி ஒரு மேடை. எதற்காக என்று நினைக்கிறீர்கள்? நிலாப் பார்ப்பதற்காக! சபை கூட்டவோ கொலுவிருக்கவோ அல்ல. பூரண சந்திரன் கிளம்பிக் குளத்தில் விழுவதைப் பார்க்க ஒரு மேடை.

தோட்டத்துப் பாதையில் வேடிக்கை அதிகம். ஓரிடத்தில் குளம் முழுவதும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே கரை முனையில் ஒரு சிறிய பைன் மரத்தை நட்டு மறைத்திருக்கிறார்கள். இன்னும் நாலடி நடந்தால்தான் கொஞ்சம் தெரியும். திரும்பினால் மறுபடி மறையும். நடக்கப் போட்டிருக்கும் கற்கள் ஒரே அளவில் இல்லை. கால் இடறாமல் இருக்க வேண்டுமானால் குனிந்து பார்த்துத்தான் நடக்க வேண்டும். தலையை நிமிர்த்தும் இடத்தில் பாதை அகலமாகிறது. அங்கே பார்க்க ஏதாவது இருக்கிறது. சில இடத்தில் ஒரு கல்லின்மேல் கறுப்புக் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகக் கூடாது என்று அர்த்தம். பலகை இல்லை, காவலாளின் அதட்டல் இல்லை! குளத்துக்கு அக்கரையில் ஒரு தேநீர்க் குடில். உள்ளே சுவரில் நீலமும் வெள்ளையுமாகப் பெரிய பெரிய கட்டங்கள். முந்நூறு வருஷத்துக்கு முந்திய சுவர் என்று சொன்னால் நம்புவது கடினம். நேற்று ஒட்டிய காகிதம்போல அவ்வளவு புதுமையான அலங்காரம்.

இதைப் பார்த்துவிட்டுத்தான் டவுட் கண்கலங்கச் செய்யும் அழகு என்ற கருத்தில் தம் நாட்குறிப்பில் எழுதினார். ஐரோப்பாவில் அவரும் அவர் தோழர்களும் எதற்காகப் போராடினார்களோ, அதாவது வேண்டாத அலங்காரத்தை நீக்கு, உபயோகத்துக்கேற்ற உருவத்தைக் கொடு, கட்டும் பொருளை ஒளிக்காமல் காட்டு என்ற கொள்கைகள் யாவும் இங்கே மூன்று நூற்றாண்டுக்கு முன்பே நிறைவேறிவிட்டன என்று அவருக்குத் தோன்றிற்று.

யார் யாருக்குக் காட்டினார்கள்?

இனி உவேனோவின் காரணத்துக்கு வருவோம். அந்தச் சமயம் ஜப்பானில் கட்டிடக் கலைஞர்களுக்குள் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. கான்கிரீட்டில் கட்டு, ஆனால் மேலே கோயில் கூரை மாதிரி ஒரு மகுடத்தை வை. அதுதான் தேசிய பாணி என்றது ஒரு கட்சி. 1931-ல் டோக்கியோ அரச மியூஸியத்துக்காகப் போட்டி வைத்தபோது, ஜப்பானியச் சாயல் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். அதைச் சட்டை செய்யாமல் தட்டைக் கூரையுடன் படம் வரைந்து அனுப்பிய குனியோ மயேகாவா என்ற இளைஞர் தோற்றார். கூரை மகுடம் வைத்த திட்டமே ஜயித்தது. அந்தக் கட்டிடம்தான் டோக்கியோ தேசிய மியூஸியமாக இன்றும் நிற்கிறது.

புதுமைக் கட்சிக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. அந்தச் சாட்சி அந்நியராகவும் கீர்த்தி பெற்றவராகவும் இருந்தால் விசேஷம். உள்ளூர்க்காரன் சொன்னால் ஏறாதது வெளிநாட்டார் சொன்னால் ஏறும் என்பது நமக்கு மட்டுமே சொந்தமான குணம் அல்ல! டவுட் அவர்கள் எதிர்பார்த்ததற்கு மேலேயே சாட்சி சொன்னார். அதே மே மாதத்தில் நிக்கோவுக்கும் போனார். அது ஷோகன் இயெயாஸுவின் சமாதி ஆலயம். 1636-ல் அவர் பேரன் எழுப்பியது. ஏறக்குறைய கத்ஸுராவின் சமகாலம். பொன்னும் வர்ணமும் பூசி, ஒரே வாயிலில் 500-க்கு மேற்பட்ட சிற்பங்களை அடைத்து வைத்திருக்கிறார்கள். உல்லாசப் பிரயாணிகள் எல்லாரும் மெச்சும் நிக்கோவை வெறும் பகட்டு என்று டவுட் தள்ளினார். சக்கரவர்த்தி வம்சத்தின் கலை தூய்மையானது, ஷோகன்களின் கலை ஆடம்பரமானது என்றும் ஒரு கோடு கிழித்தார்.

இந்தக் கோடு நியாயமா என்பதில் எனக்குச் சந்தேகம்தான். நிக்கோவின் தச்சனும் ஜப்பானியத் தச்சன்தானே! அதுவும் சக்கரவர்த்தியின் பெயரால் தேச வெறி ஏறிக்கொண்டிருந்த காலத்தில், சக்கரவர்த்தி வம்சத்தின் கலையே உயர்ந்தது என்று ஓர் அகதி சொன்னது யார் யாருக்கு உதவியதோ! ஜப்பானியர்களிலும் எல்லாரும் மகிழவில்லை. 1942-ல் ஸகாகுச்சி அங்கோ என்ற எழுத்தாளர், டவுட்டின் நூல் ஒன்றின் தலைப்பையே எடுத்துக்கொண்டு ஒரு காரமான கட்டுரை எழுதினார். ஜப்பானை அந்நியர் கண்டுபிடிக்கலாம். அதிலே வாழ்கிறவனுக்குக் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். 1986-ல் ஷோயிச்சி இனோவே என்ற ஆராய்ச்சியாளர், கத்ஸுராவின் கீர்த்தியே நவீனக் கட்டிடக் கலைஞர்கள் சேர்ந்து உண்டாக்கிய கதை என்று ஒரு புத்தகமே போட்டார்.

டவுட்டின் சொந்தக் கதை சோகமானது. மூன்றரை வருஷம் ஜப்பானில் இருந்தும் கட்டிட வேலை ஏறக்குறையக் கிடைக்கவே இல்லை. தகாஸாகி ஊரில் புத்தர் கோயிலைச் சேர்ந்த சிறு குடிலில் குடியிருந்து, விளக்குகளுக்கும் மரச் சாமான்களுக்கும் படம் போட்டுக் கொடுத்தார், புத்தகங்கள் எழுதினார். அத்தாமி ஊரில் ஒரு வியாபாரியின் பங்களாவுக்குக் கீழே, 1936-ல் அவர் அமைத்துக் கொடுத்த நிலவறைக் கூடங்கள் இன்று பாதுகாக்கப்பட்ட கலாசாரச் சொத்து. அந்த வருஷமே துருக்கி அவரை அழைத்தது. போனார். 1938 டிசம்பரில் இஸ்தான்புல்லில் இறந்தார்.

அவர் போட்ட பாதையில் பிறகு பலர் வந்தார்கள். 1954-ல் வால்டர் கிரோப்பியஸ் வந்தார். 1955-ல் நமது சண்டிகாரை நிர்மாணித்த லெ கார்புஸியே வந்தார். அவருடைய ஜப்பானியச் சீடர் மூவரில் மயேகாவாவும் ஒருவர். டோக்கியோவில் லெ கார்புஸியே வகுத்த மியூஸியம் 1959-ல் திறக்கப்பட்டது. அதுவும் சண்டிகார்ச் சட்டசபை வளாகமும் 2016-ல் ஒரே பட்டியலில் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின.

புதுவைக்கு வந்த ஜப்பான்

இந்தக் கொடுக்கல் வாங்கலில் தமிழர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. பொஹீமியாவில் பிறந்த அந்தோனின் ரேமண்ட், அமெரிக்க மேதை பிராங்க் லாயிட் ரைட்டின் உதவியாளராக 1919 டிசம்பர் 31-ந் தேதி ஜப்பானில் வந்திறங்கினார். ரைட்டை விட்டுப் பிரிந்து, டோக்கியோவிலேயே தொழில் நடத்தினார். மயேகாவா அவரிடமும் வேலை பார்த்தவர். ஜப்பானியத் தச்சர்களும் குடியானவர் வீடுகளுமே தமது பள்ளிக்கூடம் என்று ரேமண்ட் மதித்தார். அவருக்குப் புதுவை ஸ்ரீ அரவிந்தாசிரமத்திலிருந்து அழைப்பு வந்தது, சாதகர்கள் தங்க ஒரு விடுதி கட்டித் தரவேண்டும் என்று. ஆசிரமத்து அன்னையும் முன்பு ஜப்பானில் நாலு வருஷம் வசித்தவரே.

ரேமண்டின் அலுவலகத்திலிருந்து ஜார்ஜ் நாகஷிமா 1937-ல் புதுவைக்கு வந்தார். அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியர். சம்பளம் வேண்டாம் என்று ஆசிரமவாசியாகவே ஆகிவிட்டார். சுந்தரானந்தர் என்று பெயரும் பெற்றார். ரேமண்ட் 1938-ல் சில மாதம் வந்து தங்கினார். அவர்கள் போன பிறகு செக் நாட்டுக்காரரான ஸம்மர் வேலையைத் தொடர்ந்தார். ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரி மூலம் நிஜாம் அரசாங்கத்தின் நன்கொடை வந்ததால் அதற்குக் கோல்கொண்டா என்று பெயர்.

அங்கே ஜன்னல் கிடையாது. வடக்கும் தெற்கும் சுவருக்குப் பதிலாக, மேலிருந்து கீழ்வரை திருப்பக் கூடிய அகலப் பட்டைகள். திருப்பினால் காற்று வரும், வெயில் வராது. அறைக்கும் நடைவழிக்கும் நடுவே நகர்த்தும் தேக்குக் கதவுகள். ஜப்பானிய வீட்டின் நகரும் கதவுகளின் உறவுதான். மேல் கூரைக்கும் கீழ்க் கூரைக்கும் நடுவே காற்று புகுந்து போக இடைவெளி. சுவருக்கோ நம் செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சு! கான்கிரீட் வேலையில் ஈடுபட்டவர்களில் பலர் ஆசிரமத்துச் சாதகர்களே. கொத்து வேலையைக் கற்றுக்கொண்டே கட்டினார்கள்.

யுத்தம் வந்தது. 1943-ல் அமெரிக்க ராணுவம், ஜப்பானிய வீடு எப்படித் தீப்பற்றும் என்று பரீட்சை பார்க்க யூட்டா பாலைவனத்தில் ஒரு ஜப்பானியத் தெருவையே கட்டியது. பாய், தட்டுமுட்டுச் சாமான் உட்பட அசலாக இருக்க வேண்டும் என்று அந்த வீடுகளை வகுக்க அமர்த்தியது யாரை? ரேமண்டை! தச்சர்களிடம் கற்றதெல்லாம் அங்கே பயன்பட்டது. 1945 மார்ச் 9-ந் தேதி இரவு டோக்கியோவில் அந்த மாதிரிக் குண்டுகள் விழுந்தபோது சுமார் ஒரு லட்சம் பேர் மாண்டார்கள்.

அதே 1943-ல் அதே ரேமண்ட் மற்றொரு காரியமும் செய்தார். ஜப்பானிய ரத்தம் என்ற ஒரே குற்றத்துக்காக மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஐடஹோ முகாமில் அடைக்கப்பட்டிருந்த நாகஷிமாவுக்கு ஜாமீன் நின்று, தம்முடைய பண்ணைக்கு அழைத்து வந்தார். முகாமிலே நாகஷிமா ஒரு ஜப்பானியத் தச்சரிடம் மர வேலையின் நுணுக்கங்களைக் கற்றிருந்தார். பின்னாளில் உலகம் புகழும் மேஜை நாற்காலிகளைச் செய்தவர் அவரே. 1964-ல் மறுபடி இந்தியாவுக்கு வந்து அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் வேலை செய்தார். ரேமண்டும் யுத்தம் முடிந்தபின் ஜப்பானுக்கே திரும்பி, அங்கே பல வருஷம் கட்டிடங்கள் எழுப்பினார்.

கத்ஸுராவைப் பார்க்க விரும்புவோர் இன்றும் ஜப்பானிய அரண்மனை நிர்வாகத்திடம் முன்கூட்டியே மனுச் செய்துகொள்வது நல்லது. 2018-ல் 1,000 யென் கட்டணம் விதித்தார்கள். அதற்கு முன் இலவசம். வழிகாட்டியோடு கூட்டமாகத்தான் போகவேண்டும். சுமார் ஒரு மணி நேரம் சுற்றிக் காட்டுவார்கள். அறைகளுக்குள் நுழைய விடமாட்டார்கள். கயிறு கட்டிய கல்லைத் தாண்டாமல் நடந்து வரலாம். அவ்வளவு தூரம் போக வசதியில்லாதவர்களுக்குப் புதுவை இருக்கிறது. கோல்கொண்டா இன்றும் ஆசிரமத்தின் விடுதிதான்; குடியிருப்பவர்களின் அமைதியைக் கருதி அனுமதி பெற்றுத்தான் உள்ளே போகலாம். போகிறவர்கள் கொஞ்சம் வெயில் ஏறிய நேரமாகப் பார்த்துப் போவது நல்லது.