முட்டைக்குச் சட்டை தைக்க முடியுமா?

நாமக்கல் முட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் (வேகவைத்ததாக இருந்தால் நல்லது!). அதன்மேல் ஒரு காகிதத்தைச் சுருக்கமே விழாமல் ஒட்டிப் பாருங்கள். முடியாது. அதே காகிதம் பால்பவுடர் டப்பாவின்மேல் அழகாக ஒட்டிக்கொள்ளும். டப்பா ஒரு திசையில் மட்டுமே வளைந்திருக்கிறது. முட்டையோ எல்லாத் திசைகளிலும் வளைந்திருக்கிறது. இத்தகைய பரப்பை இழுக்காமலும் கிழிக்காமலும் தட்டையாக்க இயலாது என்று ஜெர்மானியக் கணித மேதை காஸ் 1827-இல் நிறுவினார்.

நம் பாதமும் முட்டையின் இனம்தான். விரல் முனையும் குதிகாலும் முட்டைபோல் புடைத்திருக்கின்றன. ஆனால் ஷூ தைக்கக் கிடைப்பதோ தட்டையான துணி. ஷூவை வடிவமைப்பவர் முதலில் சந்திக்கும் சிக்கல் இதுவே. வண்ணமும் பூவேலையும் பிறகுதான்.

சென்னை கிண்டியிலுள்ள மத்திய காலணிப் பயிற்சி நிலையத்திலும், இருங்காட்டுக்கோட்டையிலுள்ள காலணி வடிவமைப்பு, மேம்பாட்டு நிறுவனத்திலும் இக்கலையைக் கற்பிக்கிறார்கள். வழக்கமான ஒரு முறையைப் பார்ப்போம். 'லாஸ்ட்' எனப்படும் பாத வடிவக் கட்டைமேல் காகித டேப்பை நெருக்கமாக ஒட்ட வேண்டும். அதன்மேல் பென்சிலால் ஷூவை வரைந்து, டேப்பைக் கீறி உரித்து, தட்டையாக அழுத்த வேண்டும். சுருக்கம் விழும் இடத்தில் ஒரு வெட்டுக் கொடுத்தால்தான் படியும். அந்த வெட்டே பின்னர் தையலாகிறது.

ஆக, ஷூவில் காணும் தையல்கள் பல, அலங்காரம் அல்ல; கட்டாயம். ஆனால் அந்தக் கோடு நேராகப் போவதா, இலைபோல் வளைவதா என்பது வரைபவர் விருப்பம். 'இது என் ஷூ' என்று சொல்ல இடம் கிடைப்பது இங்கேதான்.

தையலைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு. இளம்பிள்ளைப் பக்கத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கும். துணியைப் பாவு வழியாகவோ ஊடை வழியாகவோ இழுத்தால் அவ்வளவாக நீளாது. மூலைக்கு மூலை இழுத்தால் நீளும். நூல்களுக்கு இடையிலுள்ள சதுரக் கட்டங்கள் சாய்சதுரமாகச் சரிவதே காரணம்.

உடற்பயிற்சி வகுப்புக்கு அணியும் வெள்ளைக் கான்வாஸ் ஷூ சிறிதாகிவிட்டால் எறிந்துவிடாதீர்கள். ரப்பர் அடியின் ஓரமாக மேல்துணியை வெட்டியெடுத்து, தையல்களைப் பிரித்து, துண்டுகளைத் தடித்த தாளில் வைத்து வரையுங்கள். அவற்றின்மேல் உங்கள் சித்திரத்தைத் தீட்டுங்கள். லாரிப் பட்டறையில் பார்த்த கோடுகளாகலாம், சேலத்துக் கொலுசின் கண்ணிகளாகலாம், கொல்லிமலையின் முகடுகளாகலாம். பிறகு தாளை வெட்டி, டேப்பால் ஒட்டி, ஷூ வடிவுக்கு வளைத்துப் பாருங்கள். நேராக வரைந்த கோடு வளைந்திருக்கும்! நாலைந்து தாள்களாவது வீணாகும், ஆகட்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஒவ்வோர் அடியிலும் ஷூ மடிவது, விரல்கள் பாதத்தோடு சேரும் இடத்தில். அங்கே பெயிண்டைத் தடிப்பாகப் பூசினால் வெடித்துவிடும். தடித்த தையல் வந்தால் காலைக் கடிக்கும்.

இதையெல்லாம் பேருந்து நிலையத்து மரத்தடியில் செருப்புத் தைப்பவர் நன்கு அறிவார். எங்கே வெட்டினால் தோல் எப்படி வளையும் என்பது அவர் விரல்களுக்குத் தெரியும். அத்தொழிலைத் தாழ்த்தி வைத்த நம் சமூகம் அதை ஓர் அறிவாகவே நெடுங்காலம் மதிக்கவில்லை. பழைய ஷூவைப் பிரிக்கும் முன் அவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். எந்தத் தையலை முதலில் பிரிக்க வேண்டும் என்று கேளுங்கள்.