குப்பையிலிருந்து ஒரு ஆய்வுக்கூடம்

புனே நகரின் தென்கிழக்கில் அடுக்குமாடிகள் நெருக்கியடித்து நிற்கும் புறநகர் கோந்த்வா. இங்கே பழைய சாமான் கடையில் என்ன கிடைக்கும்? கிழிந்த சைக்கிள் ட்யூப், பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம், செப்புக் கம்பி. எடைக்குப் போட்ட இந்தச் சரக்கிலேயே ஒரு பள்ளி ஆய்வுக்கூடம் அடங்கியிருக்கிறது. இதைச் செய்து காட்டியவர் புனேவில் வேலை பார்த்த ஒரு என்ஜினீயர்.

அரவிந்த் குப்தா 1975-ல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்று, புனே டெல்கோ தொழிற்சாலையில் சேர்ந்தவர். 1978-ல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்துக்குப் போனார். அங்கே 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு புதுமுறை விஞ்ஞானப் பாடம் தொடங்கியிருந்தது. ஆசிரியர் விடை சொல்வதில்லை. மாணவர்களே குழுவாகச் செய்து பார்த்து, விவாதித்து, முடிவுக்கு வரவேண்டும்.

சைக்கிள் வால்வ் ட்யூபில் தீக்குச்சிகளைச் செருகி குப்தா உருவங்கள் செய்தார். சதுரத்தை அழுத்தினால் சாய்கிறது, முக்கோணம் அசைவதில்லை. பாலங்களில் முக்கோணங்கள் ஏன் என்பதைக் குழந்தையின் விரலே கண்டுகொள்கிறது.

பின்னாளில், ஜயந்த் நார்லிகர் முதல் இயக்குநராக இருந்த புனேவின் ‘ஐயூகா’ வானியல் மையத்தில் குழந்தைகளுக்கான விஞ்ஞானக் கூடம் அமைந்தது. மராத்தி எழுத்தாளர் பு.ல. தேஷ்பாண்டே பெயரிலான அறக்கட்டளை நன்கொடை தந்தது. 2014 வரை குப்தா அங்கே பணியாற்றினார்.

அவர் பரப்பிய பொம்மைகளில் ஒன்று மோட்டார். ஒரு டார்ச் செல், இரண்டு ஊக்கு, காந்தம், எனாமல் பூசிய கம்பிச் சுருள். அவ்வளவுதான். சுருளின் ஒரு முனையில் எனாமலை முழுக்கச் சுரண்ட வேண்டும். மறுமுனையில் ஒரு பக்கம் விட்டுவிட வேண்டும். ஆர்வக்கோளாறில் இரண்டையும் முழுக்கச் சுரண்டிவிட்டால் சுருள் துடித்துவிட்டு நின்றுவிடும். காரணம், முதல் அரைச்சுற்றில் தள்ளிய விசையே அடுத்த அரைச்சுற்றில் எதிர்த்து இழுக்கிறது. அந்த நேரத்தில் மின்சாரம் அறுபட்டால்தான் சுருள் வந்த வேகத்தில் சுற்றை முடிக்கும். படம் பார்த்துப் படித்தவன் இதை மறக்கலாம். தப்பாகச் சுரண்டியவன் மறப்பதில்லை.

ஆனால் மோட்டாரின் பாகங்களைக் குறித்தால் 5 மார்க் என்று கேள்வித்தாள் சொன்னால், எந்த ஆசிரியர் ஒரு பீரியடைச் சுரண்டுவதற்கு ஒதுக்குவார்? ஹோஷங்காபாத்காரர்கள் இதைப் புரிந்துகொண்டு பரீட்சையையே மாற்றினார்கள். புத்தகத்தைப் பார்த்து எழுதலாம். செய்முறைக்கும் மார்க் உண்டு. 1,000 பள்ளிகளுக்கு மேல் பரவிய அந்தத் திட்டத்தை 2002-ல் மாநில அரசே மூடியது. 30 ஆண்டு உழைப்புக்கு அத்துடன் முற்றுப்புள்ளி.

குப்தாவுக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. செய்து கற்பதை 2020-ன் தேசியக் கல்விக் கொள்கையும் வலியுறுத்துகிறது. பாராட்டுக்குக் குறைவில்லை. மோட்டாருக்கு வேண்டியதெல்லாம் கோந்த்வாவின் பழைய சாமான் கடையில் கிடைத்துவிடும். கேள்வித்தாளை மாற்றும் துணிச்சல் அங்கே கிடைக்காது.