எந்திரத்தின் வாலில் ஒரு கத்தி!

வைக்கோலை நறுக்கி வீசுகிறது. வயலில் தீ வைக்கும் வேலையைக் குறைக்கிறது

ஐப்பசி பிறந்தால் பஞ்சாபில் நெல் அறுவடை மும்முரம்.

கதிர் அரிவாளும் கையுமாக ஆட்கள் வரிசையாக இறங்கும் காட்சியை அங்கே அதிகம் காண முடியாது. வீடு போன்ற பெரிய எந்திரம் ஒன்று வயலில் இறங்கும். முன்பக்கம் கதிரை அறுத்து உள்ளே இழுக்கும். வயிற்றுக்குள் நெல்லை அடித்து உதிர்க்கும். பதரைத் தூற்றும். நெல் தொட்டியில் விழும். வைக்கோல் பின்பக்கமாக வெளியே வரும். அறுப்பு, போரடிப்பு, தூற்றல் மூன்றும் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும். ஒரு மணி நேரத்தில் ஓர் ஏக்கருக்கு மேல் அறுத்துத் தள்ளிவிடும்.

நெல் மண்டிக்குப் போய்விட்டது. வைக்கோல்?

அது வயலிலேயே கிடக்கிறது. அங்கேதான் தொல்லை ஆரம்பம்.

14 அடி வைக்கோல், 5 அடி இடத்தில்

இந்தத் தொல்லையைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்குப் போதும்.

பஞ்சாபில் ஓடும் பெரிய அறுவடை எந்திரத்தின் வாய் சுமார் 14 அடி அகலம். அந்த 14 அடியில் உள்ள பயிரை எல்லாம் அது அள்ளி விழுங்குகிறது. ஆனால் வைக்கோல் வெளியே வரும் வழி நான்கைந்து அடிதான். ஆகவே 14 அடியில் பரவி நின்ற வைக்கோல் முழுவதும், நான்கைந்து அடிப் பட்டையில் நீளமான கரை போல வந்து விழுகிறது.

பதினான்கு பேருக்கு வடித்த சோற்றை ஐந்து இலையில் கொட்டியது போலத்தான்! அந்தப் பட்டையில் வைக்கோல் மூன்று பங்கு. பக்கத்தில் உள்ள இடத்தில் வெறும் அரிதாள்.

ஏக்கருக்கு 2 முதல் 3 டன் வைக்கோல். பஞ்சாப் முழுவதும் சேர்த்தால் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன்.

மாடு தின்னாதா?

நம் ஊர்க்காரர்கள் உடனே இதைத்தான் கேட்பார்கள். தஞ்சாவூர்ச் சீமையில் வைக்கோல் என்றால் மாட்டுத் தீவனம். அறுவடை எந்திரம் போன பிறகு, கட்டு கட்டும் எந்திரம் வந்து வைக்கோலை உருளை உருளையாகச் சுருட்டிக் கொடுக்கிறது. அதற்கு நல்ல விலையும் உண்டு. வைக்கோலைத் துண்டு துண்டாக்கி வயலில் வீசுவதாகச் சொன்னால் நம் விவசாயி சண்டைக்கு வருவார்!

பஞ்சாபில் வழக்கம் வேறு. அங்கே மாட்டுக்குக் கோதுமை வைக்கோலைப் பொடியாக்கிப் போடுகிறார்கள். அதற்குத் 'தூரி' என்று பெயர். அது வேண்டிய மட்டும் கிடைக்கிறது. நெல் வைக்கோலில் மணற்சத்து அதிகம், மாட்டுக்கு ஆகாது என்று அதை ஒதுக்கிவிடுகிறார்கள். பாஸ்மதி வைக்கோலுக்கு மட்டும் கொஞ்சம் மதிப்பு.

மூன்று வாரம்தான் தவணை

நெல் அறுத்த அதே வயலில் கோதுமை விதைக்க வேண்டும். நவம்பர் முதல் பாதிக்குள் விதைத்தால் நல்லது. தாமதமானால், கோதுமை பால் பிடிக்கும் நேரத்தில் வெயில் ஏறிவிடும். மணி சுருங்கும். 2022 மார்ச்சில் திடீரென்று அனல் அடித்தபோது பலருக்கு அப்படித்தான் நஷ்டம் வந்தது.

முன்பு இன்னும் கொஞ்சம் அவகாசம் இருந்தது. நிலத்தடி நீர் அதலபாதாளத்துக்குப் போனதால், 2009-ல் பஞ்சாபில் ஒரு சட்டம் வந்தது. ஜூன் 10-ந் தேதிக்கு முன்னால் நாற்று நடக்கூடாது என்றது அந்தச் சட்டம். கடும் கோடையில் தண்ணீர் வீணாவதைத் தடுப்பதற்காக வந்த நல்ல சட்டம்தான். ஆனால் நடவு தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும் அல்லவா? இரண்டு பயிருக்கும் நடுவே இரண்டு, மூன்று வாரம்தான் மிஞ்சியது.

அதற்குள் வைக்கோலை வாரி எடுக்க ஆள் வேண்டும். கூலி கொடுக்க வேண்டும். ஒரு தீக்குச்சிக்கு என்ன செலவு?

வைத்தார்கள் தீ!

டெல்லி வரை புகை

ஊர் ஊராக எரிந்தது. காற்று அடங்கிக் கிடக்கும் நவம்பர் மாதத்தில் அந்தப் புகை டெல்லி வரை போய்த் தங்கியது. 2017 நவம்பரில் டெல்லியில் பள்ளிக்கூடங்களை மூட வேண்டி வந்தது. டெல்லியின் கெட்ட காற்றுக்குக் கார், லாரி, தொழிற்சாலை, புழுதி எல்லாமே காரணம். என்றாலும், அந்தச் சில வாரங்களில் வயல் புகையின் பங்கு பெரியது.

தீ வைத்தவருக்கும் நஷ்டம்தான். புகையை முதலில் சுவாசிப்பது அவர் வீட்டுக் குழந்தை. ஒரு டன் வைக்கோலை எரித்தால், அதில் உள்ள சுமார் ஐந்தரைக் கிலோ தழைச்சத்து போய்விடுகிறது. பிறகு அதையே கடையில் யூரியாவாக விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது.

'மகிழ்ச்சி' தந்த ஏமாற்றம்

வைக்கோலை எரிக்காமல், வாராமல், அதன் நடுவிலேயே கோதுமை விதைக்க முடியாதா என்று விஞ்ஞானிகள் யோசித்தார்கள். லூதியானாவில் உள்ள பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலிய நிபுணர்களும் சேர்ந்து, 2000-க்குப் பிந்திய சில ஆண்டுகளில் ஒரு விதைப்புக் கருவியை உருவாக்கினார்கள். அதன் பெயர் 'ஹாப்பி சீடர்'. மகிழ்ச்சியான விதைப்பான் என்று பொருள்.

டிராக்டர் அதை இழுத்துப் போகும். முன்னால் உள்ள கத்திகள் வைக்கோலை வெட்டி விலக்கும். கொழு மண்ணைக் கீறும். விதையும் உரமும் கீறலில் விழும். விலக்கிய வைக்கோல் விதைத்த இடத்தின் மேலேயே போர்வை போலப் படியும். ஈரம் காயாது. களை அதிகம் முளைக்காது. நெல்லுக்குப் பாய்ச்சிய ஈரத்திலேயே விதைத்தால், விதைப்புக்கு முந்திய தண்ணீரும் மிச்சம்.

கருவி நல்ல கருவி. ஆனால் வயலில் ஓட்டிப் பார்த்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். வைக்கோல் பரவலாகக் கிடந்த இடத்தில் அருமையாக ஓடியது. அந்த ஐந்து அடிக் கரை வந்ததும் திணறியது! வைக்கோல் சுற்றிக்கொள்ளும். கருவி அடைத்துக்கொள்ளும். இறங்கிப் பிடுங்க வேண்டும். விதை சில இடத்தில் மண்ணில் விழாமல் வைக்கோல் மேலேயே தங்கிவிடும். முளைத்த பயிரும் பட்டை பட்டையாக, ஓரிடத்தில் செழித்தும் ஓரிடத்தில் வெளுத்தும் நின்றது.

ஆகவே ஹாப்பி சீடரை ஓட்டுவதற்கு முன்னால், ஆள் விட்டு வைக்கோலைக் கிளறிப் பரப்ப வேண்டியிருந்தது. மறுபடியும் கூலி! மறுபடியும் தீக்குச்சி!

சுழலும் கத்திகள்

கோளாறு விதைக்கும் கருவியில் இல்லை, அறுக்கும் எந்திரத்தின் வாலில்தான் இருக்கிறது என்பது இதிலிருந்து தெரிந்தது. வைக்கோல் விழும்போதே பரவி விழுந்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது.

லூதியானாப் பல்கலைக்கழகம் அதற்கும் ஒரு கருவி செய்தது. 'சூப்பர் எஸ்.எம்.எஸ்.' என்று பெயர். செல்போனில் வரும் செய்தி அல்ல. வைக்கோலைச் சமாளிக்கும் அமைப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்.

வைக்கோல் வெளியே வரும் வாயில் இதைப் பொருத்துகிறார்கள். உள்ளே ஓர் உருளை. உருளை முழுவதும் ஊசலாடும் கத்திகள். எதிரே அசையாமல் நிற்கும் கத்தி வரிசை ஒன்று. எந்திரத்தின் எஞ்சினிலிருந்து பெல்ட் மூலம் சக்தி வருகிறது. உருளை நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. வைக்கோல் இரண்டு கத்திகளுக்கும் நடுவே சிக்கித் துண்டு துண்டாகிறது. அந்த வேகத்திலேயே வெளியே வீசப்படுகிறது. விசிறி போல விரிந்து நிற்கும் தகடுகள் அதை இரு பக்கமும் பிரித்துவிடுகின்றன.

கரை போய்விட்டது. பாய் விரித்தாற்போல வைக்கோல். பின்னாலேயே ஹாப்பி சீடரை ஓட்டலாம்.

2018-ல் பஞ்சாப் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டிப்பான உத்தரவு போட்டது. இந்தக் கருவி இல்லாத எந்திரம் நெல் அறுக்கக்கூடாது! அதே ஆண்டில் மத்திய அரசாங்கமும் உதவிப் பணம் அறிவித்தது. தனி விவசாயிக்குக் கருவி விலையில் பாதி. கூட்டுறவுச் சங்கங்களுக்கும் வாடகை மையங்களுக்கும் நூற்றுக்கு 80.

டீசல் யார் கணக்கில்?

உத்தரவு போடுவது சுலபம். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது.

பெரும்பாலான விவசாயிகளுக்குச் சொந்த எந்திரம் கிடையாது. வாடகைக்குத்தான் அறுக்கிறார்கள். கத்தி சுழல வேண்டுமானால் எஞ்சின் கூடுதலாக உழைக்க வேண்டும். டீசல் அதிகம் பிடிக்கும். வேகம் குறையும். ஒரு நாளில் அறுக்கும் ஏக்கரும் குறையும். சீசனோ சில வாரம்தான். எந்திரக்காரர் கடன் வாங்கி எந்திரம் வாங்கியவர். அவர் கூடுதல் வாடகை கேட்கிறார். விவசாயி தயங்குகிறார். கத்தியைக் கழற்றிவிட்டு அறுப்பவர்களும் உண்டு.

செலவு எந்திரக்காரருக்கு. பலன் வயல்காரருக்கு. நல்ல காற்று டெல்லிக்காரருக்கு! எந்திரக்காரர் முகம் சுளித்தால் அதை முழுத் தப்பு என்று சொல்ல முடியாது. அந்தக் கூடுதல் டீசலுக்கு ஏக்கர் கணக்கில் ஒரு வழி செய்யாமல், வெறும் கெடுபிடியால் மட்டும் கத்தி சுழலாது.

வயல்காரர்களுக்கும் குறை இல்லாமல் இல்லை. வைக்கோல் போர்வைக்குள் எலி வருகிறது, தண்டு துளைக்கும் புழு வருகிறது என்கிறார்கள். அதையும் கவனிக்கத்தான் வேண்டும்.

தண்டனையும் ஏறியிருக்கிறது. 2024 நவம்பரில் அபராதத்தை இரட்டிப்பாக்கினார்கள். தீ வைத்தால் நில அளவைப் பொறுத்து 5,000 முதல் 30,000 ரூபாய் வரை. செயற்கைக்கோள் எண்ணியபடி, பஞ்சாபில் 2020 அறுவடைக் காலத்தில் 83,002 இடங்களில் தீ. 2024-ல் 10,909. பெரிய இறக்கம்தான். ஆனால் செயற்கைக்கோள் தலைக்கு மேல் வரும் நேரம் தெரிந்துகொண்டு, அது போன பிறகு சிலர் கொளுத்துகிறார்கள் என்ற பேச்சும் இருக்கிறது. எண்ணிக்கையை அப்படியே நம்பிவிடுவதற்கு இல்லை.

ஓட்டுகிறவர் கையில் இருக்கிறது

கருவி இருந்தால் மட்டும் போதாது. ஓட்டும் விதமும் முக்கியம்.

காலைப் பனியில் வைக்கோல் நமத்துப் போயிருக்கும். அப்போது கத்தியில் அது வெட்டுப்படாமல் சுற்றிக்கொள்ளும். வெயில் ஏறிய பிறகு அறுத்தால் நன்றாக நறுங்கும். மழுங்கிய கத்தி நறுக்காது, நைத்துத் தள்ளும். டீசலையும் குடிக்கும். டீசலை மிச்சம் பிடிப்பதாக எஞ்சின் வேகத்தைக் குறைத்தால் கத்தியின் சுழற்சியும் குறையும். வைக்கோல் தூரம் போகாமல் காலடியிலேயே விழும். பக்கக் காற்று பலமாக அடித்தால் வைக்கோல் ஒரே பக்கமாக ஒதுங்கும்.

பதரையும் மறக்கக்கூடாது. சல்லடை வழியாக வரும் பதர் மெல்லிய பொடி. அது தனியாக எந்திரத்தின் அடியிலேயே கோடு போல விழும். 40 அடி அகலம் அறுக்கும் அமெரிக்க, ஆஸ்திரேலிய எந்திரங்களில் பதரைச் சிதறடிக்கத் தனி விசிறியே வைக்கிறார்கள். 40 அடிக்கும் வைக்கோலைச் சீராக வீசுவது அங்கேயும் பெரிய தலைவலிதான்.

வைக்கோலைக் கட்டு கட்டி ஆலைக்கு விற்பதாக இருந்தால் இந்தக் கத்தி வேண்டியதே இல்லை. சிதறிய துண்டுகளை வாரிக் கட்டுவது கடினம். எதற்காக அறுக்கிறோம் என்பதை எந்திரக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சரியாகப் பரவியதா என்று பார்க்க விஞ்ஞானி வேண்டாம். எந்திரம் ஒரு சுற்றுப் போனதும், அது போன தடத்துக்குக் குறுக்கே 14 அடி நடந்து பார்த்தால் போதும். நடுவில் கால் புதைந்து, ஓரத்தில் மண் தெரிந்தால், எந்திரத்தை அங்கேயே நிறுத்தித் தகடுகளைத் திருத்தச் சொல்லலாம். அறுத்தது ஒரு சுற்றுத்தான். மீதி வயல் இன்னும் நிற்கிறது.